கொல்லைக் குளத்துப் பூ

எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கு அப்பால் ஒரு குளம் இருக்கிறது. குளம் என்று நான் சொன்னதைக் கேட்டு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஏமாந்து போயிருக்கிறார்கள். பத்தடி நீளம், ஆறடி அகலம், இடுப்பளவு ஆழம். கிணற்றில் இறைத்த தண்ணீரைத் தேக்கி வாழைக்கும் கத்தரிக்கும் விடுவதற்காக என் தகப்பனார் கட்டின தொட்டி அது. வாழையும் கத்தரியும் போன பிறகு வெகு காலம் அதில் தென்னை மட்டையும் தவளையும்தான் குடியிருந்தன.

என் பெண் சென்னைக்குப் போய், ஓர் உறவினர் வீட்டில் கோய் மீனைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தொட்டிக்கு யோகம் பிறந்தது. "நம்ம தொட்டியில விடலாம்ப்பா" என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காவது மாதம் நான் கொளத்தூருக்குப் போய் ஆறு மீன் வாங்கினேன். காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் அவற்றை வைத்து, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் மடியில் சுமந்துகொண்டு கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் விழுப்புரம் தாண்டுகிற வரையில் பையையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "குழம்புக்கா சார்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பிசகு ஒன்றும் இல்லை. கோய் என்றால் ஜப்பானிய பாஷையில் கெண்டை என்றுதான் அர்த்தம். நீகாட்டா என்ற பனி கொட்டும் பிரதேசத்தில், மலைச்சரிவில் நெல் பயிரிடும் குடியானவர்கள் சாப்பாட்டுக்காகக் கெண்டை வளர்த்து வந்தார்கள். 1820, 1830 வாக்கில் அவற்றில் சில சிவப்பும் வெள்ளையுமாக உண்டாயின. குழம்புக்குப் போக வேண்டிய மீன் அழகாக இருந்த ஒரே காரணத்தால் பிழைத்தது. 1914-ல் தோக்கியோவில் நடந்த பொருட்காட்சிக்கு அவற்றைக் கொண்டு வந்தபோதுதான் வெளி ஜனங்களுக்குச் சேதி தெரிந்தது. நம் ஊர்ச் சந்தையில் 'சாதாக் கெண்டை' என்று கிலோக் கணக்கில் நிறுக்கிறார்களே, அது இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். 'சாதா' என்று பெயர் இருக்கிறதே தவிர, அதுவும் நம் நாட்டு மீன் அல்ல. 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்தது.

மீன் வந்தாயிற்று, குளம் என்றால் செடி வேண்டாமா? ஏரியிலிருந்து அல்லிக் கிழங்கு இரண்டு கொண்டு வந்து தொட்டியின் அடியில் மண் போட்டு நட்டேன். மறுநாள் காலையில் இரண்டு கிழங்கும் மேலே மிதந்தன. கெண்டையின் குணம் அது. சேற்றைக் கிளறாவிட்டால் அதற்குச் சாப்பாடு இறங்காது. நெய்தல் வைத்தேன்; அதுவும் போயிற்று. கரையோரம் வசம்பும் வல்லாரையும் நட்டவை மட்டும் பிழைத்துக்கொண்டன. தண்ணீருக்குள் ஒரு பச்சை இல்லை. மீன்கள் வெயிலில் ஒளிய இடமில்லாமல் மூலைக்கு மூலை அலைந்தன.

அப்போதுதான் வெளியூர் ஒன்றில் செடி விற்கிற ஒருவர் எனக்கு உபகாரம் செய்தார். "இதுக்கு மண்ணும் வேண்டாம், எருவும் வேண்டாம் சார். தண்ணியில விட்டாப் போதும். மீனுக்கு நிழல், தண்ணிக்கும் சுத்தம். பூவைப் பார்த்தா நீங்க ஒரு கதையே எழுதிடுவீங்க" என்று சொல்லி, மூன்று செடிகளைக் கொடுத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். கதை எழுதுகிறவன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்ற சந்தோஷத்தில் நான் செடியைச் சரியாகப் பார்க்கவில்லை.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை; அதைச் சொல்லிவிட வேண்டும். வட்டமான பளபளத்த இலை. இலைக் காம்பு நடுவில் சின்ன வெங்காயம் மாதிரி உப்பி, அதற்குள் காற்று நிறைந்திருக்கும். அந்தக் காற்றில்தான் மிதக்கிறது. வேர் கருநீலத்தில் குஞ்சம் மாதிரி தொங்கும். மூன்றாவது வாரம் பூத்தது. இளம் ஊதா நிறத்தில் ஒரு கொத்து. ஒவ்வொரு பூவிலும் மேல் இதழில் மட்டும், மயிலிறகின் கண்ணைப் போல நீலத்துக்குள் ஒரு மஞ்சள் பொட்டு. என் பெண் கொல்லைப் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. என் மனைவிகூட, "தொட்டிக்குச் செலவு பண்ணினது வீண் போகல்லே" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய சர்டிபிகேட்.

நம் பக்கத்தில் இதற்கு வெங்காயத்தாமரை என்று பெயர். ஆகாயத்தாமரை என்றும் சொல்கிறார்கள். இரண்டாவது பெயர் இரவல். உண்மையான ஆகாயத்தாமரை வேறு. முட்டைக்கோஸ் மாதிரி தண்ணீரில் மிதக்கும், சித்த வைத்தியர்கள் பழைய நாளிலிருந்து உபயோகித்து வருவது. பின்னால் வந்தவன் குளத்தைப் பிடித்துக்கொண்டதோடு பெயரையும் பிடித்துக்கொண்டான்.

ஆடியில் மூன்று செடி விட்டேன். தீபாவளிக்குத் தொட்டியில் தண்ணீரே தெரியவில்லை. ஒரு செடி பக்கவாட்டில் ஒரு தண்டை நீட்டுகிறது. தண்டின் நுனியில் ஒரு குழந்தைச் செடி. குழந்தை இரண்டு வாரத்தில் தாயாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்துக் கணக்கில் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு எட்டாகும் என்று படித்தோமே, அதைக் கண்ணால் பார்த்தேன். "என்னங்க, மீனையே காணோமே" என்று என் மனைவி ஒரு நாள் காலையில் கூப்பிட்டாள். இலைகளை விலக்கிப் பார்த்தால் ஆறு மீனும் ஒரு மூலையில் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. இலைக் கூரைக்கு அடியில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, நாலு கூடை செடியை அள்ளினேன். கொல்லை மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் போகிறது. கூடைகளை மதிலுக்கு மேல் தூக்கி, அந்தப் பக்கம் கவிழ்த்தேன். மழைக்காலம், வாய்க்காலில் நல்ல ஓட்டம். செடிகள் பூவும் இலையுமாக மிதந்து, தெப்ப உற்சவம் மாதிரி போயின. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஏரி மதகைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் வாசலில் வந்து நின்றார். எழுபது தாண்டியவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, வாய்க்கால்ல அந்தத் தழைய எறிஞ்சது யாரு?"

"நான்தான். ஏன் பெரியவரே?"

"காசு குடுத்து வாங்கியாந்தீங்களா?"

"ஆமாம்."

"ஏரிக்கு வைரியைக் காசு குடுத்து வாங்கியாந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தச் செடி யார், எங்கிருந்து வந்தது, பெரியவருக்கு அதன் மேல் என்ன கோபம் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, என்னைப் போல மதிலுக்கு மேல் கூடையைக் கவிழ்த்தவர்கள்தான் அதில் நிறையத் தட்டுப்பட்டார்கள்.

இதன் பிறந்த வீடு தென் அமெரிக்கா, அமேஸான் நதி. அங்கே அதை அடக்கி வைக்கப் பூச்சிகள் உண்டு, வெள்ளம் உண்டு. பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. மார்ட்டியஸ் என்ற ஜெர்மானிய தாவர சாஸ்திரி பிரேஸில் தேசத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய், 1823-ல் அதற்கு லத்தீன் பெயர் வைத்தார். அந்த நூற்றாண்டில் சீமையில் பணக்காரர்களுக்குத் தண்ணீர்ச் செடிப் பித்துப் பிடித்திருந்தது. அமேஸானிலிருந்து வந்த ராட்சச அல்லி ஒன்றுக்கு விக்டோரியா மகாராணியின் பெயரை வைத்தார்கள். 1849-ல் ஜோஸப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர், கண்ணாடி வீட்டுக்குள் வெந்நீர்க் குளம் கட்டி அதைப் பூக்க வைத்தார். அதன் இலை மேல் தம்முடைய ஏழு வயதுப் பெண்ணை நிற்க வைத்துக் காட்டினார், இலை அமிழவில்லை. அந்த இலையின் அடி நரம்பமைப்பைப் பார்த்துத்தான் 1851-ல் லண்டன் பொருட்காட்சிக்குக் கண்ணாடி மாளிகை கட்டியதாக அவரே சொன்னார். தோட்டக்காரர்கள் எல்லாம் தோட்டக்காரர்களாகவே நின்றுவிடுவதில்லை.

இந்தப் பித்தில்தான் நம் வெங்காயத்தாமரையும் ஊர் ஊராகப் புறப்பட்டது. 1884-ல் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பெரிய பருத்திப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஜப்பானியர்கள் தங்கள் கொட்டகைக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு செடியை ஞாபகார்த்தமாகக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அதற்குச் சில வருஷங்களில் தெற்கு மாகாணங்களில் பல வீட்டுக் குளங்களில் இந்தப் பூ பூத்தது. 1890 சுமாருக்கு, ப்ளோரிடாவில் பலாட்கா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை வீடு ஒன்றில் குளத்தில் வளர்த்த செடி மிஞ்சிப் போயிற்று. மிஞ்சியதை அள்ளி செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் போட்டார்கள். ஆற்றிலும் பூத்தால் அழகுதானே!

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் காது சுட்டது. ஆறேழு வருஷத்துக்குள் அந்த ஆற்றில் நீராவிக் கப்பல்கள் நகர முடியவில்லை. மரக்கட்டை மிதக்க விடுகிறவர்கள் தொழிலை இழந்தார்கள். ராணுவ இஞ்சினீயர்கள் வந்தார்கள். 1899-ல் அமெரிக்க காங்கிரஸே சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கி அள்ளச் சொல்லியது. அள்ளி மாளவில்லை. கடைசியில் 1910-ல் லூசியானாவைச் சேர்ந்த ப்ரூஸார்ட் என்ற அங்கத்தினர் காங்கிரஸில் ஒரு மசோதா கொண்டு வந்தார்: ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளை வரவழைத்து ஆறுகளில் விடுவோம், அவை இந்தச் செடியைத் தின்னட்டும், நாம் அவற்றைத் தின்னலாம். வேடிக்கை இல்லை, நிஜமாகவே விசாரணை நடந்தது. போயர் யுத்தத்தில் எதிரெதிர்க் கட்சியில் ஒற்றர்களாக இருந்த இரண்டு பேர் ஒரே மேஜைக்கு முன் வந்து நீர்யானைக்காகச் சாட்சி சொன்னார்கள். மசோதா நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் நீர்யானையை அடக்க எதை வரவழைத்திருப்பார்களோ!

கீழ்த்திசைக்கும் அது தோட்டப் பூவாகத்தான் வந்தது. இலங்கையில் 1909-லேயே இதற்கென்று ஒரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. பர்மாவில் 1917-ல். ஆனால் அது முழு உருவத்தைக் காட்டியது வங்காளத்தில்தான். அங்கே வீட்டுக்கு வீடு குளம். ஊருக்கு ஊர் ஆறு. பாதை என்றால் படகுப் பாதை. மிதக்கும் பச்சைத் திட்டுகள் கால்வாய்களை அடைத்தன. வெள்ளத்தோடு வயலுக்குள் நுழைந்து நெற்பயிரை அழுத்திச் சாய்த்தன. மீன் செத்தது, கொசு பெருகியது. சந்தைக்குப் போகிற படகு நடு வழியில் நின்றது. முதல் உலக யுத்த சமயமாதலால், இது ஜெர்மானியரின் வேலை என்று ஒரு வதந்தி கிளம்பி, செடிக்கு 'ஜெர்மன் பானா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பாவம், மார்ட்டியஸ் ஒருவர்தான் ஜெர்மானியர். அவரும் பெயர் வைத்ததோடு சரி.

1921-ல் வங்காள சர்க்கார் இதற்காக ஒரு கமிட்டி நியமித்தது. தலைவர் யார் தெரியுமா? ஜகதீச சந்திர போஸ். செடிகளும் தொட்டால் உணரும், அடித்தால் துடிக்கும் என்று கருவி வைத்து உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய அதே மகான். ஒரு செடியை எப்படிப் பூண்டோடு ஒழிப்பது என்று யோசனை கேட்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். கமிட்டியின் மேஜைக்கு முன் உட்கார்ந்திருந்தபோது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று கதாசிரியனாகிய எனக்கு ஒரு சபலம். ஆனால் இது சரித்திரம். கற்பனை செய்யக் கூடாது.

1936-ல் வங்காளத்தில் சட்டம் வந்தது. தன் நிலத்திலோ குளத்திலோ செடியை வைத்திருப்பவன் அதை அகற்றியாக வேண்டும். 1937 தேர்தலில் கட்சிகள் தங்கள் அறிக்கைகளில் வெங்காயத்தாமரையை ஒழிப்போம் என்று வாக்களித்தன. ஒரு பூவை எதிர்த்து ஓட்டுக் கேட்ட தேர்தல் உலகத்தில் வேறு எங்காவது நடந்ததோ என்னவோ! சர்க்கார் ஏற்பட்டபின் வெங்காயத்தாமரை வாரம் என்று வைத்து மாணவர்களும் உத்தியோகஸ்தர்களும் தண்ணீரில் இறங்கி அள்ளினார்கள். வாரம் முடிந்தது, செடி முடியவில்லை. ஆனால் அந்த ஜனங்கள் கெட்டிக்காரர்கள். கிழக்கு வங்காளத்தில் வெள்ளம் வடியாத தாழ்ந்த பகுதிகளில், மிதக்கும் களைகளைத் திட்டாகக் குவித்து அழுக வைத்து அதன் மேல் கீரையும் காயும் பயிரிடும் வழக்கம் உண்டு. வெங்காயத்தாமரையையும் அதற்கு உபயோகப்படுத்திக்கொண்டார்கள். அந்த மிதக்கும் தோட்டங்களை 2015-ல் ஐக்கிய நாடுகளின் உணவு ஸ்தாபனம் பாரம்பரிய விவசாயச் சின்னமாக அங்கீகரித்தது.

இதையெல்லாம் படித்தபின் நம் பக்கத்துப் பழைய சமாசாரம் ஒன்று வேறு மாதிரியாகத் தெரிந்தது. பல்லவர்களுடைய செப்பேடுகளில் வரிகளின் பட்டியல் வரும். அதில் குவளைக்கு வரி இருக்கிறது; குவளை நடுவதற்கு ஒரு வரி. முன்பு படித்தபோது, 'பூவுக்குக்கூடவா வரி போட்டான் ராஜா!' என்று சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. தண்ணீரில் ஒருவன் செடி நடுகிறான் என்றால் அது அவன் சொந்த சமாசாரம் இல்லை, கேட்டுக்கொண்டுதான் நட வேண்டும் என்று ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பு இந்த நாட்டில் ஒரு முறை இருந்திருக்கிறது. ராஜா வருமானத்துக்காகத்தான் போட்டிருப்பான், இருக்கட்டும். திருவாரூரில் கோயில், கமலாலயக் குளம், செங்கழுநீர் ஓடை மூன்றும் ஐந்து ஐந்து வேலி என்று சொல்வார்கள். பூவுக்கு ஓடை தனி, ஜனங்களுக்குக் குளம் தனி.

எங்கள் ஜில்லாவிலேயே திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கின மனிதர். ஆம்பல், குவளை, நெய்தல், தாமரை என்று தண்ணீர்ப் பூக்கள் அதில் வரிசையாக வந்துவிடுகின்றன. அந்தத் தண்ணீரில் நான்தான் நூறாவது பூவைக் கொண்டு வந்து கவிழ்த்தேன்.

கள்ளக்குறிச்சியில் தண்ணீர் போகும் வழி தெரிந்தவர்களுக்கு நான் செய்ததன் அளவு புரியும். கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகியாக இறங்கி, கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் 1965-ல் கட்டி முடித்த அணையில் தேங்குகிறது. நாற்பத்தாறு அடி அணை. அங்கிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து ஏரி, ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரி. ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் முதல். கோமுகி மணிமுத்தாற்றில் சேருகிறது. மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தாண்டி வெள்ளாற்றில் விழுகிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்க்கிறது. மதிலுக்கு மேல் எறிந்த செடிக்கு வழிகேட்க வேண்டிய அவசியமே இல்லை. தாமிரபரணியிலும் கூவத்திலும் பச்சைக் கம்பளம் விரித்திருப்பதைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஐரோப்பாவில் 2016 முதல் இந்தச் செடியை விற்கவும் வளர்க்கவும் தடை. எனக்குத் தாராளமாகக் கிடைத்தது.

வழி ஒன்றும் இல்லாமலும் இல்லை. 1982-83 வாக்கில், அதன் பிறந்த நாட்டில் அதைத் தின்று வாழும் சின்னக் கூன்வண்டுகளைப் பெங்களூருக்கு வரவழைத்து, வேறு பயிரைத் தொடுகிறதா என்று பரீட்சை பார்த்து, ஹெப்பால் ஏரியில் விட்டார்கள். சில வருஷத்தில் ஏரி தெளிந்தது. நீர்யானை செய்ய வேண்டியதைக் கடுகளவு வண்டு செய்தது. ஆனால் எல்லா ஏரியிலும் அது அப்படிப் பலிக்கவில்லை. சாக்கடை கலந்து கொழுத்த தண்ணீரில் வண்டு தின்கிற வேகத்தைவிடச் செடி வளர்கிற வேகம் அதிகம்.

மறுநாள் விடியற்காலையில் நானே பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு நீண்ட மூங்கிலையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். என் பெண்ணும் கூட வந்தாள். வாய்க்கால் நெடுக, கல்வெட்டுப் பாலத்தடியில், முள்வேலியில், கோரைப் புதரில் என்று தேடித் தேடி எடுத்தோம். ஏரி வாயில் ஒரு பெரிய கொத்து கோரையில் மாட்டி நின்றது. பெரியவர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி இழுத்து வந்தார். மூன்று நாள் எடுத்தோம். கரைமேல் பாறையில் பரப்பிக் காய வைத்துக் கொளுத்தினோம். நாலு கூடை கவிழ்த்தேன். மூன்று கூடைக்குக் கொஞ்சம் கூட இருந்தது. அந்த வருஷம் ஏரி நிரம்பிக் கோடி போயிற்று.

கடைசி நாள் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

"தொட்டியில இருக்கறப்ப இது பூத்துச்சா தம்பி?"

"பூத்தது, பெரியவரே."

"எத்தினி தரம்?"

"மூணு, நாலு தரம் இருக்கும்."

அவர் மேலே பேசவில்லை. ஏன் கேட்டார் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பூ வாடினால் காம்பு வளைந்து தண்ணீருக்குள் தலையை விடும். விதை சேற்றில் இறங்கும். அங்கே இருபது வருஷம் வரையில் உயிரோடு கிடக்கக்கூடியது. தண்ணீர் வற்றிச் சேறு வெயிலைப் பார்க்கும்போது முளைக்கும்.

தொட்டியில் இப்போது அல்லி இருக்கிறது. மண்சட்டியில் கிழங்கை வைத்து, மேலே கூழாங்கல்லைப் பரப்பினால் கெண்டையால் கிளற முடியாது. இந்த யோசனையையும் பெரியவர்தான் சொன்னார். மிஞ்சின இலையைக் கிள்ளி எருக்குழியில் போடுகிறோம். தினம் காலையில் நடப்பதற்கு ஏரிக்கரைக்குத்தான் போகிறேன். என் பெண்ணும் லீவு நாளில் வருகிறாள். போன கோடையில் ஏரி பாதிக்கு மேல் வற்றியது. சேற்றோரம் முழுவதும் இறங்கிப் பார்த்தோம். ஒன்றும் தென்படவில்லை. என் பெண்ணுக்கு இப்போது பதின்மூன்று வயது. முப்பத்து மூன்று வயது வரையில் கோடைக்குக் கோடை வந்து பார்க்க வேண்டும் என்று அவளாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.